கொல்லையில் நீச்சல் குளம்... கொட்டேஷனில் வேலி எங்கே?

இந்தப் பகுதியில் மாமியார் கதை, நாத்தனார் கதை, சீட்டுக் கட்டி ஏமாந்த கதை எல்லாம் படித்திருக்கிறேன். நீச்சல் குளம் கட்டுகிற கதையை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. "கருவேப்பிலங்குறிச்சியில நீச்சல் குளமா?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. என் மாமியாரும் அப்படித்தான் சிரித்தார். "கூப்பிடு தூரத்துல வெள்ளாறு. கொல்லையில கிணறு. இதுக்கு நடுவுல பணத்தைக் கொட்டிக் குளம் வேற வெட்டணுமாக்கும்" என்றார்.

ஆசைப்பட்டது நாங்கள் இல்லை, என் கணவரின் அண்ணன். ஷார்ஜாவில் 16 வருஷமாக வேலை. ஊரோடு வந்துவிடலாம் என்று எங்கள் கொல்லையை ஒட்டிய மனையை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு 2 பெண்கள், எனக்கு 2 பெண்கள். அவர் இதை வெறும் பகட்டுக்காகச் சொல்லவில்லை. 2022 ஜூன் 5-ம் தேதி எங்கள் கடலூர் மாவட்டத்தில் நெல்லிக்குப்பம் பக்கம் கெடிலம் ஆற்றில், தடுப்பணை அருகே தேங்கியிருந்த தண்ணீரில் குளிக்க இறங்கிய 7 பெண்பிள்ளைகள் மூழ்கி இறந்துபோனார்களே, ஞாபகம் இருக்கிறதா? அன்று ராத்திரி அவர் அங்கிருந்து போன் பண்ணி, "நம்ம வீட்டுப் பொண்ணுங்க நாலுக்கும் நீச்சல் தெரியாதேம்மா" என்று சொன்னபோது குரல் கம்மிவிட்டது. எங்கள் பாட்டி காலத்துப் பெண்கள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீந்தியவர்கள். எங்கள் அம்மா காலத்தில் அது போய்விட்டது. எனக்குத் தெரியாது. என் பெண்களுக்கும் தெரியாது. ஆற்றில் பழக்கலாம் என்றால், மணல் எடுத்த பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலே இருந்து பார்த்தால் யாருக்குத் தெரியும்?

அதனால்தான் குளம்.

2024 சித்திரையில் ஒரு காண்ட்ராக்டர் வந்து இடம் பார்த்து, நாலே நாளில் வாட்ஸ்-அப்பில் கொட்டேஷன் அனுப்பிவிட்டார். 6 பக்கம். முதல் பக்கத்தில் நீலத் தண்ணீர், தென்னை மரம், குடை, சாய்வு நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரி. கடைசிப் பக்கத்தில் மொத்தம் 9 லட்சத்து 40 ஆயிரம், முன்பணம் 60 சதவீதம். இடையில் உள்ள 4 பக்கமும் இங்கிலீஷ். நான் பத்தாவதோடு நின்றவள். ஒன்பதாவது படிக்கும் என் பெரிய பெண் வாசிக்க, நான் ஒரு 40 பக்க நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன். என் வீட்டுக்காரர், "அண்ணன் பணம், அண்ணன் குளம். உனக்கு ஏன் இந்த வேலை?" என்றார். 16 வருஷம் வெயிலில் நின்று சம்பாதித்த பணம், நாளைக்குக் குழி எங்கள் கொல்லைக்குப் பக்கத்தில்தான் இருக்கப் போகிறது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

மளிகைச் சிட்டையைச் சரிபார்ப்பது போலத்தான் ஆரம்பித்தேன். குளத்தின் உள்ளளவு நீளம் 20 அடி, அகலம் 10 அடி, ஆழம் ஒரு பக்கம் மூன்றரை அடி, மறுபக்கம் 5 அடி. சராசரி நாலேகால் அடி. மூன்றையும் பெருக்கினால் 850 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம் தண்ணீர் என்று பெண் சொன்னாள். ஆக விளிம்பு வரை நிரப்பினாலும் 24,000 லிட்டர்தான். கொட்டேஷனில் 45,000 லிட்டர் என்று இருந்தது! பெருக்கலில் நாங்கள்தான் தப்புப் பண்ணினோமோ என்று 3 தடவை போட்டுப் பார்த்தோம். அப்புறம் டைல்ஸ் கணக்கு. தரை 200 சதுர அடி. நாலு சுவரும் சுற்றளவு 60 அடி, நாலேகால் அடி உயரம், 255. மொத்தம் 455 சதுர அடி. கொட்டேஷனில் 672.

இரண்டு கணக்கும் எங்கே இடிக்கிறது என்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது திடீரென்று பிடிபட்டது. குழி தோண்டும் அளவு 22 அடிக்கு 12 அடி, ஆழம் 6 அடி என்று மண் வேலைப் பகுதியில் போட்டிருந்தார். அந்தக் குழி அளவையே தண்ணீருக்கும் டைல்ஸுக்கும் போட்டுவிட்டார். ஈரக் கையோடு வந்து போட்டுப் பார்த்தேன். 45,000-மும் வந்தது, 672-ம் வந்தது. நான் அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். ஓட்டல், ரிசார்ட் என்று கட்டிக்கொடுப்பவர், ஏதோ பழைய கொட்டேஷனில் எண்ணை மட்டும் மாற்றி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் சதுர அடிக்கு 160 ரூபாய் வீதம் 217 சதுர அடிக்கு 34,720 ரூபாய். அது யாருடைய வியர்வை?

இந்தத் தப்பு டைல்ஸோடு நிற்கவில்லை. 45,000 லிட்டர் என்று வைத்ததால் அதைச் சுத்தப்படுத்த 2 குதிரைசக்தி மோட்டார் போட்டிருந்தார். தண்ணீர் முழுவதும் 6 மணி நேரத்தில் ஒரு தடவை வடிகட்டியில் போய் வர வேண்டும் என்பது பொதுவான கணக்காம். 24,000 லிட்டருக்கு மணிக்கு 4,000 லிட்டர் இறைத்தால் போதும். அதற்கு 1 குதிரைசக்தியே தாராளம். 2 குதிரைசக்தி மோட்டார் தினம் 6 மணி நேரம் ஓடினால் சுமார் 9 யூனிட். கரண்ட் பில் நமக்கு 2 மாதத்துக்கு ஒரு தடவை வருகிறது. 60 நாளைக்கு 540 யூனிட். 500 யூனிட்டைத் தாண்டினால் விலைப் படியே மாறி எப்படி எகிறும் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த சங்கதி. பாதி மோட்டாரானால் 270 யூனிட்.

இனி டைல்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் கர்வப்படுவதை மன்னிக்கவும்.

விருத்தாசலம் என்றாலே பீங்கான்தான். பீங்கான் தொழில் படிக்க அரசுக் கல்வி நிலையமே அங்கே இருக்கிறது. தொழிற்பேட்டையில் பொம்மை, ஜாடி, கரண்ட் ஃபியூஸ் பீங்கான் எல்லாம் செய்வார்கள். கல்யாணத்துக்கு முன்னால் நானும் 3 வருஷம் அங்கே ஒரு பொம்மை யூனிட்டுக்குப் பஸ்ஸில் போய் வந்தவள். களிமண் கூழை அச்சில் ஊற்றி எடுத்துக் காயவைத்து ஒரு தடவை சூளையில் வைப்பார்கள். அதற்கு 'பிஸ்கட்' என்று பெயர். அப்புறம் கிளேஸ் பூசி மறுபடி சூளை. பிஸ்கட் பொம்மையை நாக்கில் வைத்தால் பசக்கென்று ஒட்டிக்கொள்ளும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஓட்டையாக இருப்பதால் எச்சிலை உறிஞ்சிவிடும். நன்றாக வெந்து இறுகிய பீங்கான் ஒட்டாது. புதிதாகச் சேரும் பெண்களுக்கு எங்கள் மேஸ்திரி அம்மா முதல் நாள் கற்றுக்கொடுக்கும் பாடம் இதுதான்.

காண்ட்ராக்டர் சாம்பிள் டைல்ஸ் எடுத்துக்கொண்டு வந்தார். நீலக் கலர், 12 அங்குலத்துக்கு 8 அங்குலம், முகம் பார்க்கலாம் போல் பளபளப்பு. "சூப்பர் குவாலிட்டி மேடம்" என்றார். நான் திருப்பி, முதுகுப் பக்கத்தை நாக்கில் வைத்தேன். அந்த மனிதர் பதறிப்போய், "ஐயோ, என்னம்மா பண்றீங்க?" என்று எழுந்தேவிட்டார். டைல்ஸ் நாக்கில் ஒட்டிக்கொண்டது. பிய்த்துத்தான் எடுத்தேன். என் மாமியார் உள்ளே ஓடிப்போய் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தது கூடத்துக்குக் கேட்டது.

நாக்குச் சாட்சியை யார் ஒப்புக்கொள்வார்கள்? அதனால் அவர் விட்டுப்போன டைல்ஸை நன்றாகக் காயவைத்து மளிகைக் கடைத் தராசில் எடை போட்டேன். 720 கிராம். வெந்நீர் அண்டாவில் 2 மணி நேரம் கொதிக்கவைத்து, அதே தண்ணீரில் ஆறவிட்டு, துடைத்து மறுபடி போட்டேன். 820 கிராம். 100 கிராம் தண்ணீரைக் குடித்திருக்கிறது, கிட்டத்தட்ட 14 சதவீதம். புது வீட்டுத் தரைக்குப் போட்டு மிச்சமான விட்ரிஃபைடு டைல்ஸையும் கூடவே கொதிக்கவைத்தேன். தராசில் எண் மாறவே இல்லை. விட்ரிஃபைடு என்றால் தண்ணீர் குடிப்பது அரை சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும் என்பது கணக்கு. இந்த நீல டைல்ஸ் சமையலறைச் சுவருக்குச் சரி. வருஷம் பூராவும் தண்ணீரில் ஊறினால் உடம்பு ஊதி, மேல் கிளேஸ் தலைமுடி போல விரிசல் விட்டு, ஒவ்வொன்றாகக் கழன்று வரும். கழன்ற டைல்ஸின் ஓரம் பிளேடு மாதிரி. பிள்ளைகளின் உள்ளங்கால்தான் அதைக் கண்டுபிடிக்கும்.

எங்கள் தெருவில் பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். மாமனாருக்குப் பங்காளி முறை. ஓவர்சீயர் மாமா என்போம். நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். டைல்ஸ் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "தண்ணி குடிக்காத டைல்ஸுன்னா வெறும் சிமெண்ட் பாலும் அதுக்குப் பிடிக்காதும்மா. அதுக்குன்னு தனிப் பசை இருக்கு. அதையும் எழுதி வாங்கு" என்றார். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டுமானப் பக்கத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. '1:2:4 கான்கிரீட், தேவையான கம்பி' என்று ஒரே வரி.

"இது வாசப்படி போடுற கலவை. தண்ணி நிக்கிற தொட்டிக்கு ஐ.எஸ். 3370-னு அரசாங்க விதியே இருக்கு. கம்பி கட்டின கான்கிரீட்டுன்னா குறைஞ்சது எம் 30 கேக்குது. இது அதுல பாதிப் பலம்கூடத் தேறுமோ தேறாதோ. 'தேவையான கம்பி'ன்னா யாருக்குத் தேவையான கம்பி?" என்றார்.

அடுத்து அவர் கேட்டதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐப்பசி கார்த்திகையில உங்க கிணத்துல தண்ணி எங்க நிக்கும்?"

நாங்கள் இருப்பது ஆற்றோரப் பள்ளம். நல்ல மழை வருஷத்தில் குனிந்து சொம்பால் மொள்ளலாம். 2015 கார்த்திகையில் மாவட்டமே வெள்ளக்காடாகக் கிடந்தபோது எங்கள் கிணறு வழிந்தது.

"அப்ப குளத்தைக் கழுவுறேன்னு அந்த நேரத்துல காலி பண்ணினீன்னா என்ன ஆகும் தெரியுமா? குளமே கிளம்பி மேல வரும்" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். "காலிக் குடத்தைக் கிணத்துல போட்டா மிதக்குதா இல்லையா? பித்தளைதான், கனம்தான், ஆனா மிதக்குது. காலித் தொட்டியும் குடம்தான்" என்று பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினார். 8 அங்குலச் சுவரும் தரையும் கான்கிரீட்டில் போட்டால் தொட்டியின் எடை சுமார் 24 டன். நிலத்தடி நீர் தரை மட்டம் வரை ஏறினால் அதை மேலே தள்ளும் பலம் சுமார் 33 டன். உள்ளே தண்ணீர் இருக்கிற வரை அசையாது. காலி செய்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு குழாயெல்லாம் முறிந்து தரை பிளந்துவிடும். அதற்காகத் தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பி, வெளித் தண்ணீர் ஏறினால் உள்ளே விட்டுவிடும் ஒரு வால்வும், பக்கத்தில் நீர்மட்டம் பார்க்க ஒரு குழாயும் வைக்க வேண்டுமாம். மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்யவே கூடாதாம். 6 பக்கக் கொட்டேஷனில் சிங்க முகத்திலிருந்து தண்ணீர் கொட்டும் அலங்காரத்துக்கு 65,000 ரூபாய் இருந்தது. இந்த வால்வு இல்லை.

கசிவு பார்ப்பதற்கும் அவர் ஒரு முறை சொன்னார். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பு, சுற்றிலும் மண் தள்ளி மூடுவதற்கும் முன்பு, தொட்டியை நிரப்பி 7 நாள் விட வேண்டும். கான்கிரீட் குடிக்க வேண்டியதைக் குடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் 7 நாள் தினமும் அளவு எடுக்க வேண்டும். நம் வெயிலுக்கு ஆவியாகியும் குறையுமே? அதற்கு ஒரு பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி, குளத்தின் படியிலேயே, முக்கால்வாசி முங்கினாற்போல் வைத்துவிட வேண்டும். பக்கெட்டில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு வெயில் குடித்தது. குளத்தில் அதற்கு மேல் குறைந்தால் அது ஓட்டை. எவ்வளவு எளிது பாருங்கள்! மண்ணைத் தள்ளி டைல்ஸையும் ஒட்டிய பிறகு கசிந்தால் எங்கே என்று தேடுவது? அன்று ராத்திரி ஆறாவது படிக்கும் சின்னவள் சமூக அறிவியல் புத்தகத்தைக் கொண்டுவந்து, மொகஞ்சதாரோவில் இருந்த பெருங்குளத்தைக் காட்டினாள். 4,000 வருஷத்துக்கும் முந்தியது. செங்கல்லை இடுக்கில்லாமல் ஒட்டி, கசியாமல் இருக்க இயற்கைத் தார் பூசியிருக்கிறார்கள். "அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும்மா" என்றாள்.

ஆவியாகும் தண்ணீரைப் பற்றிச் சொல்ல விட்டேனே. எங்கள் குடம் 15 லிட்டர். குளம் நிரம்ப 1,600 குடம். நல்ல வெயிலில் தினம் கால் அங்குலம் குறைந்தால்கூட 7 குடம், 8 குடம் போய்விடும். குடத்தில் எண்ணிப் பார்த்தால்தான் நம் பெண்களுக்கு உறைக்கிறது. கோடையில் ஊரில் தண்ணீர்த் தகராறு வரும்போது நம் வீட்டில் மட்டும் இவ்வளவு தண்ணீர் தேங்கி நின்றால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்ற உறுத்தல் எனக்கு இன்னமும் இருக்கிறது. ஆழத்தைக் குறைக்கலாம் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானதை நான் கண்டுபிடிக்கவில்லை, என் பெரிய பெண் கண்டுபிடித்தாள். 4 பக்கத்தையும் வாசித்து முடித்துவிட்டு, "அம்மா, இதுல வேலியே இல்லையே" என்றாள்.

யோசித்துப் பாருங்கள். ஆற்றில் போய் முழுகிவிடக் கூடாது என்றுதான் இத்தனை லட்சம் செலவு. அதே தண்ணீரை, வீட்டின் பின்கதவைத் திறந்தால் 10 அடியில், தடுப்பே இல்லாமல் கொண்டுவந்து வைக்கிறோம். என் நாத்தனாரின் பையனுக்கு 2 வயது. லீவுக்கு வந்தால் நம் கண் முன்னால் இருப்பான், திரும்பினால் மாட்டுத் தொழுவத்தில் இருப்பான். பழைய கிணறுகளுக்கெல்லாம் நம் பெரியவர்கள் கைப்பிடிச் சுவர் கட்டாமல் விட்டார்களா? காண்ட்ராக்டரிடம் கேட்டதற்கு, "வேலி போட்டா லுக்கு போயிடும்மா. பெரியவங்க நீங்க பாத்துக்க மாட்டீங்களா?" என்றார். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது, வாசலில் காஸ் சிலிண்டர் வந்து நிற்கும்போது, போன் அடிக்கும்போது யார் பார்த்துக்கொள்வது? தண்ணீரில் விழுகிற குழந்தை சினிமாவில் மாதிரிக் கத்தாது. சத்தமே இல்லாமல் போய்விடும். நாலு பக்கமும் 4 அடிக்குக் குறையாத வேலி, கால் வைத்து ஏற முடியாதபடி நேர்க்கம்பி, தானாக மூடிக்கொள்ளும் கதவு, குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள். இது இல்லையென்றால் குழியே தோண்ட வேண்டாம் என்றேன். அப்போது என் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் போயிற்று.

பெண்பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. குளத்தின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் துவாரம் இருக்கும். எங்கள் கொட்டேஷனில் '1 எண்' என்று இருந்தது. ஒரே துவாரமாக இருந்து மோட்டாரும் ஓடும்போது அதன்மேல் நீளமான தலைமுடியோ கையோ பட்டால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பெரியவர்களாலேயே விடுவிக்க முடியாதாம். 2 துவாரமாக, குறைந்தது 3 அடி இடைவெளியில், முடி சிக்காத மூடி போட்டு வைத்தால் ஒன்றை அடைத்தாலும் மற்றொன்றில் தண்ணீர் போகும். எங்கள் வீட்டில் நாலு பெண்களுக்கும் இடுப்பு வரை சடை. அந்த '1'-ஐ அடித்து '2' என்று நானே எழுதினேன்.

விளக்குகளுக்கு 12 வோல்ட் என்று எழுதி வாங்கினோம். மோட்டாருக்கு எர்த்தும், கசிவு இருந்தால் பட்டென்று அணைந்துவிடும் டிரிப் சுவிட்சும் சேர்த்தோம்.

'கெமிக்கல் 3 மாதம் இலவசம்' என்பதைப் பார்த்து என் வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார். நாலாவது மாதம்? குளோரின் எவ்வளவு இருக்கிறது, புளிப்பு காரம் சரியாக இருக்கிறதா என்று சொட்டு மருந்து விட்டுக் கலர் பார்க்கும் சின்னப் பெட்டி உண்டு. அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று சேர்த்தேன். எப்படியும் அந்த வேலை என் தலையில்தான் விழும். குளோரின் மருந்தையோ பிளீச்சிங் பவுடரையோ கக்கூஸ் கழுவும் ஆசிட் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் கிளம்பும் புகை நெஞ்சை அடைத்துவிடும். குளம் இல்லாத வீட்டுக்கும் இது பொருந்தும்.

ஷார்ஜாவுக்குப் போன் போட்டேன். நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று "மாமா... இருக்கீங்களா?" என்றேன். "இருக்கேம்மா. முன்பணத்தை நாளைக்கு அனுப்பலாம்னு இருந்தேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே நீ சரின்னு சொன்னாத்தான் அனுப்புவேன்" என்றார். ஓரகத்தி அக்கா போனைப் பிடுங்கி, "அந்தச் சிங்க மூஞ்சி வேணாம்னு நானும் சொன்னேன்டி, கேக்கலை" என்றார்.

காண்ட்ராக்டர் முதலில் முறுக்கிக்கொண்டார். "ஓட்டல்காரங்களே இவ்வளவு கேக்க மாட்டாங்க" என்றார். ஓவர்சீயர் மாமாவையும் கூட வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தோம். அளவுத் தப்பைக் காட்டியதும் அவருக்கே வெட்கமாகிவிட்டது. ஒத்துக்கொண்டார். ஆழம் 3 அடியிலிருந்து 4 அடி வரை போதும் என்று முடிவாயிற்று. பழகும் பிள்ளைகளுக்குக் கால் தரையில் பட வேண்டும். சிங்கம் போயிற்று. மோட்டார் பாதியாயிற்று. டைல்ஸ் அளவு உள்ளபடி ஆயிற்று. எம் 30 கான்கிரீட், கம்பியின் தடிமனும் இடைவெளியும், வால்வு, வேலி, இரண்டாவது துவாரம் எல்லாம் சேர்ந்தன. முன்பணம் 60-லிருந்து 15 சதவீதம். மற்றதெல்லாம் குழி முடிந்ததும் இவ்வளவு, கான்கிரீட் முடிந்ததும் இவ்வளவு, தண்ணீர் நிறுத்திப் பார்த்துக் கசியாமல் இருந்தால் இவ்வளவு என்று. கடைசி 10 சதவீதம் ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகுதான்.

இவ்வளவு பேசி மொத்தத் தொகை எவ்வளவு குறைந்தது என்று கேட்பீர்கள். 30,000 ரூபாய்தான். 9 லட்சத்து 10 ஆயிரம். என் வீட்டுக்காரர் இதற்காக ஒரு வாரம் என்னைக் கேலி செய்தார். "இதுக்கா ரெண்டு மாசம் தூக்கம் கெட்டே?" என்றார். நான் பதில் பேசவில்லை. பழைய கொட்டேஷனில் வேலி இருந்த இடத்தில் சிங்கம் இருந்தது. அவ்வளவுதான்.

மழை முடிந்து தை பிறந்ததும் குழி வெட்டுவதாக ஏற்பாடு. ஈர நிலத்தில் தோண்டினால் மண் சரியும் என்று ஓவர்சீயர் மாமா அதற்கு முன்னால் விடவில்லை. வேப்பமரத்துக்குத் தள்ளி இடத்தை மாற்றியாயிற்று. மரத்தை வெட்டினால் சாப்பிட மாட்டேன் என்று மாமியார் சொல்லிவிட்டார். அது தவிர இலை உதிர்ந்தால் தினம் அள்ளுவது யார்? வேலிக் கதவின் சாவி தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். முதலில் சிரித்தவர் அவர்தான்.

போன வாரம் காண்ட்ராக்டர் போன் பண்ணினார். "அம்மா, புது டைல்ஸ் சாம்பிள் வந்திருக்கு, நாளைக்குக் கொண்டாரேன். நாக்குல வெச்சுப் பாக்கிறதா இருந்தா நல்லாக் கழுவிட்டே கொண்டாரேன்" என்றார்.

- ஒரு வாசகி, கருவேப்பிலங்குறிச்சி.